வரப்பில் நின்ற இன்னொரு மாமா

என் அப்பாவுக்கும் மாமனாருக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே "என்ன, வரப்புத் தகராறா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். காகிதத்தில் அது வரப்புத் தகராறுதான். உண்மையில் அது ஒரு மீசையைப் பற்றிய வழக்கு.

நான் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. என் மாமியார் அப்பாவின் உடன்பிறந்த அக்கா. மாமனார் அப்பாவுக்கு மச்சான்; எனக்குப் பிறந்த நாளிலிருந்தே மாமா. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது. இரண்டு திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். ரோட்டை ஒட்டி அப்பாவின் தோட்டம். அதற்குப் பின்னால் மாமாவின் தோட்டம். அதற்கும் பின்னால் மாமாவின் தென்னைகள், அப்புறம் மலை.

எனக்குக் கல்யாணமான மறுவருஷம் அப்பாவின் பந்தலில் காய்ப்பு கண்டபடி இருந்தது. குனியாமல் நடந்தால் பன்னீர் திராட்சைக் குலை தலையில் இடிக்கும். ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு பக்கத்து ஜன்னல்களில் எல்லாம் தலைகள் திரும்பும். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "கண்ணு பட்டா கல்லும் வெடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு, திருஷ்டி பொம்மை ஒன்று வைக்க முடிவு செய்தார். கடையில் வாங்கினால் அது கடைக்காரன் பொம்மை, தன் கையால் செய்தால்தான் வீரியம் என்பது அவர் கட்சி. மூங்கில் இருந்தது. வைக்கோல் இருந்தது. தலைக்கு ஒரு மண்பானை கிடைத்தது. சட்டைக்காக அக்கா வீட்டுக்கு, அதாவது நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, பழைய சட்டை எதுனாச்சும் கெடக்கா? கிழிஞ்சதா இருந்தாலும் போதும்."

அத்தை பீரோவைத் திறந்து மாமாவின் கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கேட்காமலே ஒரு பச்சைத் துண்டையும் கொடுத்தார். "இந்தா. அவுக கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றார். இதில் சதி ஒன்றும் இல்லை. பிறந்த வீட்டுக்கு உப்பு கொடுத்தாலும் அத்தை அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்.

பானையில் அப்பாவே தாரைத் தொட்டு முகம் வரைந்தார். திருஷ்டி பொம்மை என்றால் பார்க்கிறவன் ஒரு நொடி திடுக்கிட வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த மனிதர்களில் பார்த்ததும் திடுக்கிட வைக்கிறவர் ஒருவர்தான் போலிருக்கிறது. மீசை நுனி இரண்டும் மேலே முறுக்கிக்கொண்டு நின்றன. இடது நுனி கொஞ்சம் தூக்கல். கண்கள் உருட்டல். இடது புருவம் வலது புருவத்தைவிட மேலே. பச்சைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, வரப்புதான் மேடு என்று வரப்பின் மேல் நட்டு, ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

நான் அன்று அப்பாவுக்குக் காபி கொண்டு போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மாமா நிற்கிறாரே என்று ஓரமாக ஒதுங்கினேன். கிட்டப் போன பிறகுதான் பானை என்று தெரிந்தது.

"அப்பா, இது வந்து..."

"எது வந்து?"

"ஒண்ணுமில்லப்பா. காபி ஆறுது."

மறுநாள் மாமா தோட்டத்துக்குப் போனார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பொம்மையின் முதுகுதான் தெரியும். ஆனால் அது அவர் சட்டையின் முதுகு. ரோட்டில் போன ஒருவர் பொம்மைக்கு வணக்கம் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நிஜ மாமாவைப் பார்த்து, "இப்பத்தான அங்கன நின்னீக, அதுக்குள்ள இங்கன வந்துட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். மாமா வரப்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பொம்மையின் முன்னால் நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெகுநேரம் முறைத்துக்கொண்டார்கள் என்று அங்கே களை எடுத்த பெண்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே சத்தம் போட்டார். "தன் முதுகத் தானே பாத்துக்கிட்டு வெவசாயம் பண்றவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தந்தான்! உன் தம்பிக்கு ரெம்பத்தான் கொழுப்பு. போயி எடுக்கச் சொல்லு!"

அத்தை என்னை அனுப்பினார். நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"பொம்மைன்னா மீசை இருக்கத்தான் செய்யும்" என்றார் அப்பா. "மச்சான் மீசை பொம்மை மீசை மாதிரி இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

இதை நான் அப்படியே போய்ச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் புருஷன் பிற்பாடு சொன்னார். அவர் குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். வாரம் ஒருமுறை வருவார். மலையாளத்தில் அவர் முழுசாகப் படித்த ஒரே வார்த்தை "சாரமில்ல". பரவாயில்லை என்று அர்த்தம். மாமா கோபப்பட்டாலும் சாரமில்ல, அப்பா கோபப்பட்டாலும் சாரமில்ல. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு மலையேறிவிடுவார்.

மாமா வக்கீலிடம் போனார். துணைக்கு நானும் போனேன். வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூஞ்சிக்கெல்லாம் கேஸ் போட முடியாதுங்கய்யா. பொம்மை எங்க நிக்குது?" என்றார்.

"வரப்புல."

"வரப்பு யாருது?"

"பொதுவுல கெடக்கு."

வக்கீல் முகம் மலர்ந்தது. "அப்ப வரப்புக்குப் போடுவோம்" என்றார்.

அப்படித்தான், பொது வரப்பில் அனுமதியின்றி அமைக்கப்பட்ட கட்டுமானத்தை அகற்றக் கோரி உத்தமபாளையம் கோர்ட்டில் ஒரு வழக்கு பிறந்தது. கட்டுமானம் என்பது ஒரு பானை, ஒரு மூங்கில், மாமாவின் சட்டை. அதன் முகம் வாதியின் முகத்தைப் போலவே இருப்பதால் வாதிக்கு மன உளைச்சல் என்று ஒரு வரியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்துச் சேர்த்தார். அப்பாவின் பதிலுரையில், மேற்படி பொம்மை உலகில் பிறந்த எந்த மனிதரையும் போல இல்லை என்று இருந்தது.

இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட்டிலிருந்து கமிஷனராக ஓர் இளம்பெண் வக்கீல் வந்தார். கையில் டேப், தோளில் பை. அவர் அளக்க வந்தது வரப்பை. மாமா அதிகாலையிலேயே குளித்து, அதே மாதிரிக் கட்டம் போட்ட வேறொரு சட்டையும் புதுப் பச்சைத் துண்டும் போட்டுக்கொண்டு பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுங்கம்மா" என்றார்.

"ஐயா, நான் வரப்பைத்தான்..."

"வரப்பு எங்க போகப் போகுது? மொதல்ல எங்கள எடுங்க."

அப்பா குறுக்கே வந்தார். "மேடம், மச்சான் வேணும்னே புருவத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. சாதாரணமா நிக்கச் சொல்லுங்க."

"இதுதாண்டா மாப்ள எனக்குச் சாதாரணம்!"

"மேடம், எழுதிக்கங்க. இதான் சாதாரணமாம்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்க டேப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார். அறிக்கையில், பொம்மை பொது வரப்பின் மேல் நிற்கிறது என்று தெளிவாக எழுதினார். முக ஒற்றுமையைப் பற்றித் தம்மால் கருத்துச் சொல்ல இயலவில்லை என்றும் எழுதிவிட்டார். அதைக் கேட்ட மாமா, "கண்ணு தெரியாத பிள்ளைய அனுப்பிட்டாக" என்று வெகுநாள் வருத்தப்பட்டார்.

தீர்ப்பு மாமா பக்கம் வந்தது. பொது வரப்பிலிருந்து பொம்மையை அப்புறப்படுத்த வேண்டும். முகத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே ஜெயித்த மாமாவுக்கும் திருப்தியில்லை. தோற்ற அப்பாவிடம் அவருடைய வக்கீல், "ரெண்டடி தள்ளி உங்க இடத்துல நட்டு வைங்க, சோலி முடிஞ்சது" என்று சொன்னார். நானும் சொன்னேன். அம்மாகூட டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி ஒருமுறை சொன்னார்.

"ரெண்டடி தள்ளுனா நான் தோத்ததா அர்த்தம்" என்றார் அப்பா. "அப்பீல் போடுங்க."

அப்பீல் போட்டார்கள். அது முடியும்வரை பொம்மையை எடுக்க வேண்டாம் என்று தடை உத்தரவும் வாங்கினார்கள். அப்பா அந்த உத்தரவின் ஜெராக்ஸ் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பொம்மையின் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி செருகி வைத்தார். மழை வந்தால் உறைக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்க ஓடுவார். கொடியைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

வாய்தாவுக்குக் கட்சிக்காரர்கள் வர வேண்டியதில்லை என்று இரண்டு வக்கீல்களும் தலையால் அடித்துக்கொண்டார்கள். மச்சான் வருவாரே என்று அப்பா போவார். மாப்ள வருவானே என்று மாமா போவார். ஒரே பஸ். மாமா முன்னால் உட்கார்ந்தால் அப்பா பின்னால். அத்தை இரண்டு டப்பாவில் புளிசாதம் கட்டி இரண்டையும் மாமா கையில் கொடுத்து அனுப்புவார். மாமா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றைக் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடி பெஞ்சில் வைத்துவிட்டு, எதையோ மறந்துபோன மனிதரைப் போல எழுந்து நடப்பார். அப்பா எதையோ கண்டெடுத்த மனிதரைப் போல வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். டப்பாவைக் கழுவி அதே பெஞ்சில் வைப்பார். இதெல்லாம் நடக்கும்போது இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு வார்த்தை இல்லை.

இந்த நிலையில்தான் மலையிலிருந்து குரங்குகள் இறங்கின.

அந்தக் கோடையில் மலையில் தண்ணீர் இல்லையோ என்னவோ, ஒரு கூட்டமாக வந்து முதலில் மாமாவின் தென்னையில் ஏறின. மாமாவிடம் ஓர் உண்டிவில் இருந்தது. குறி தவறவே தவறாது. மேலே படாமல் காதோரமாகக் கல் போகும். கூடவே அவர் போடும் சத்தம் இருக்கிறதே, அதற்குக் குரங்கென்ன, நானே இரண்டு முறை அன்னக்கூடையைக் கீழே போட்டிருக்கிறேன். இரண்டே வாரத்தில் குரங்குகளுக்கு அவரை நன்றாகத் தெரிந்துபோனது. அந்த மீசை தூரத்தில் தெரிந்தாலே மரத்துக்கு மரம் தாவி மலையேறிவிடும்.

ஆனால் வாய்தா நாளன்று மாமா இருக்க மாட்டார். அது குரங்குகளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று நான்தான் தோட்டத்தில் இருந்தேன். மாமாவின் பந்தலில் குலை நிறம் மாறத் தொடங்கிய நேரம். பெரிய கடுவன் குரங்கு ஒன்றின் தலைமையில் மொத்தக் கூட்டமும் மாமாவின் பந்தலுக்குள் இறங்கித் தின்றது. தின்றதைவிடப் பிய்த்துப் போட்டது அதிகம். நான் தகரத்தைத் தட்டினேன். அந்தக் கடுவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு குலையை எடுத்தது.

மாமாவின் பந்தலை முடித்துக்கொண்டு அது வரப்பைத் தாண்டி அப்பாவின் தோட்டத்துக்குள் போனது. பொம்மையின் முதுகுப்பக்கமாகப் போய், சும்மா திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் ஒரு கத்து கத்தியது பாருங்கள்! கையிலிருந்த குலையை அப்படியே போட்டுவிட்டு, மூன்று காலில் ஓடியதா நாலு காலில் ஓடியதா என்றே தெரியவில்லை, மலையைப் பார்க்க ஓடிவிட்டது. அதன் பின்னாலேயே கூட்டம் முழுக்க ஓடியது. அப்பாவின் தோட்டத்தில் ஒரு பழம்கூடக் குறையவில்லை.

சாயங்காலம் மாமா கோர்ட்டிலிருந்து வந்ததும் சொன்னேன். பந்தல் போன கதையைச் சொல்லும்போது முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கடுவன் ஓடிய கதைக்கு வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இரு தாயி. பொம்மையப் பாத்துத்தான் ஓடுச்சா?"

"ஆமா மாமா."

"மொதுகப் பாத்தா, மூஞ்சியப் பாத்தா?"

"மூஞ்சியப் பாத்துத்தான். மொதுகுக்கெல்லாம் பயப்படல."

மாமா மீசையைத் தடவினார். இடது புருவம் தானாக மேலே போனது. "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். அத்தையைக் கூப்பிட்டு அவருக்கும் என்னைச் சொல்லச் சொன்னார். பக்கத்து வீட்டுக்கும் கேட்க வேண்டும், என் சத்தம் போதவில்லை என்றார்.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு நடந்தார். வழக்கு தொடங்கியதிலிருந்து அந்தப் படியில் அவர் கால் வைத்ததில்லை. நானும் அத்தையும் பின்னாலேயே ஓடினோம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏலே மாப்ள, அந்தப் பொம்மை எம் பக்கமும் பாக்கணும்டா."

"எது?"

"என் பொம்மை."

"அது எங்க உங்க பொம்மை? அது யார் மாதிரியும் இல்லைன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கேன்."

"நான் என்னைய மாதிரியே இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேன்ல. குரங்கு எம் பக்கம் சாட்சி சொல்லிருச்சு. உம் மகளக் கேளு!"

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. சுற்றிலும் எல்லார் தோட்டத்திலும் சேதமாகி, தன் தோட்டம் மட்டும் தப்பியதை அவர் வாயைத் திறக்காமல் கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். சொன்னால் பதிலுரை பொய்யாகிவிடுமே.

பானை உருண்டை. அதற்குப் பின்பக்கமும் உண்டு. அங்கே ஒரு முகம் வரைந்தால் மாமாவின் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னது அத்தை. எல்லாருக்கும் பிடித்தது. யார் முகம் என்பதில்தான் சிக்கல் வந்தது.

"அந்தப் பக்கம் என் மூஞ்சிய வரைஞ்சுக்கறேன்" என்றார் அப்பா. "ஒரே பொம்மையில ரெண்டு மச்சான்னா யாரு தாங்குறது?"

மாமா பெருந்தன்மையாகச் சம்மதித்தார். மறுநாள் அப்பா கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முகத்தைப் பானையின் பின்பக்கம் வரைந்தார். நன்றாகவே இருந்தது. அப்பாவுக்கு வட்ட முகம், சின்ன மீசை, எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் போன்ற கண்கள். நாங்கள் நாலு பேரும் மோட்டார் ரூமுக்குள் ஒளிந்துகொண்டு காத்திருந்தோம். கடுவன் வந்தது. தூரத்தில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தது. கொஞ்சம் கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. பிறகு பொம்மையின் தோளில் ஏறி உட்கார்ந்து, அப்பாவின் மூக்கில் கால் வைத்துக்கொண்டு, நிதானமாகக் காதைச் சொறிந்தது.

மாமா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அத்தை சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"காத்து அடிச்சு தார் கலைஞ்சிருக்கும்" என்றார் அப்பா.

அன்று சாயங்காலமே அப்பா தன் முகத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, இன்னொரு மாமாவை வரைந்தார். இந்த முறை மாமாவே எதிரில் உட்கார்ந்திருந்தார். "புருவத்த இன்னுங் கொஞ்சம் ஏத்துடா... மூக்கு எனக்கு இவ்வளவு பெருசா?... சரி, இருக்கட்டும், குரங்கு பயப்படும்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சமாதானம் அங்கேயே, வரப்பில் உட்கார்ந்து, முடிந்தது. பொம்மை வரப்பில் இருக்கும். இரண்டு முகமும் மாமாவுடையது. சட்டை கிழிந்தால் மாமா வீட்டிலிருந்து புதுசு. தார் வெளுத்தால் அப்பா பூச வேண்டும்.

கோர்ட்டை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். இரண்டு பேரும் சேர்ந்தே அப்பாவின் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மகிழ்ந்துபோனார். "ரொம்ப நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு குடுத்துட்டா, சமரசம் ஆயிருச்சுன்னு அப்பீலைத் தள்ளுபடி பண்ணிருவாக."

அப்பாவின் முகம் மாறியது. "என்ன பண்ணிருவாக?"

"தள்ளுபடி."

"சமாதானம் பண்ணுனவன எதுக்குத் தள்ளணும்? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"தப்பு ஒண்ணுமில்லங்கய்யா. அப்பீல் முடியணும்னா அந்த வார்த்தைதான்."

"ஊருக்குள்ள என்ன சொல்லுவாக? அப்பீல் தள்ளுபடியாகிப்போச்சு, மச்சாங்கிட்ட ரெண்டாந்தடவையும் தோத்துட்டான்னு சொல்லுவாகளா, மாட்டாகளா?"

மாமா அவர் தோளில் கை போட்டார். "ஆடித் தள்ளுபடின்னு நெனச்சுக்க மாப்ள. அதுக்கு ஊரே சந்தோசமா வரிசையில நிக்குது."

இது உதவவில்லை. வக்கீல் இன்னொரு விஷயத்தையும் விளக்க வேண்டியிருந்தது. அப்பீலை வெறுமனே தள்ளுபடி செய்தால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு உயிரோடு இருக்கும். அதன்படி பொம்மையை எடுக்க வேண்டும். அதனால் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றக் கோர மாட்டேன், பொம்மை இருந்த இடத்திலேயே இருக்கச் சம்மதம் என்று மாமா மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஜெயிச்ச தீர்ப்ப மச்சான் விட்டுக் குடுக்கணும்?"

"ஆமா."

"எழுதிக் குடுப்பாரா?"

"குடுக்குறேண்டா" என்றார் மாமா.

"பெருசா எழுதுங்க" என்று அப்பா வக்கீலிடம் சொன்னார்.

விசாரணை நாளில் நானும் போனேன். அப்பாவும் மாமாவும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தது பழக்கமில்லாததால், யார் ஜன்னலோரம் என்பதில் சின்னத்தேவன்பட்டி தாண்டும்வரை தகராறு. கோர்ட்டில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் கைகட்டி நின்றார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. மனுவைப் படித்தார். ஓர் இடத்தில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பப் படித்தார்.

"இரு புறமும் முகம் உள்ள பொம்மைன்னு போட்டிருக்கே. ரெண்டு முகமும் யாரோடது?"

வக்கீல்கள் இரண்டு பேரும் குனிந்து தங்கள் காகிதங்களைத் தேடினார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"மச்சானோடதுங்கம்மா."

"ஆனா உங்க பதிலுரையில, பொம்மை எந்த மனிதரையும் போல இல்லைன்னு சொல்லியிருக்கீங்களே?"

"அப்ப குரங்கு வந்து சாட்சி சொல்லலங்கம்மா."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் சிரித்துவிட்டார்கள். டவாலி வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை; ஆனால் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். குரங்கைத் தவிர வேறு யாரும் வற்புறுத்தவில்லை என்று மாமா சேர்த்துக்கொண்டார்.

"சரி. மேல்முறையீடு..." என்று அவர் தொடங்கியபோது அப்பா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் தூக்குவதைப் போலவே.

"அம்மா, தள்ளுபடிங்கிற வார்த்தைய மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்லலாங்களா?"

அவருடைய வக்கீல் சட்டென்று அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். நீதிபதி கோபப்படவில்லை. "வேற என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

அப்பா அதுவரை யோசித்திருக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்லபடியா முடிஞ்சுதுன்னு..." என்றார்.

"அதைத்தான் முதல்ல போடப்போறேன். கட்சிக்காரர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டதால்னு ஆரம்பிக்கும். அதுக்கப்புறம்தான் அந்த வார்த்தை வரும். போதுமா?"

அப்பா அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு தலையாட்டினார். அவ்வளவுதான். மீசை, வரப்பு, தடை உத்தரவு எல்லாம், எங்களுக்கு அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிடுகிற நேரத்துக்குள் முடிந்துபோனது. வெளியே வந்ததும் மாமா, "இம்புட்டுதானா?" என்று என்னைக் கேட்டார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம் என்றார்.

வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "முன்னால ஒரு காரணம் போட்டிருக்காகல்ல? சும்மா தள்ளல. காரணத்தோட தள்ளியிருக்காக."

"ஆமாடா" என்றார் மாமா. "மரியாதையா தள்ளியிருக்காக."

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார். "கேசு என்னாச்சு?" என்றார். அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில், "ஜெயிச்சாச்சு" என்றார்கள். அத்தை என்னைப் பார்த்தார். நான் காலி டப்பாக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மலையிலிருந்து இறங்கிய என் புருஷனிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மாமாவின் இரண்டு முகங்களையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

குரங்குகள் இப்போது எங்கள் தோட்டங்களுக்குள் வருவதில்லை. கிளிகள்தான் வருகின்றன. கிளிகளுக்கு மாமாவைத் தெரியாது. கூட்டமாக வந்து பானையின் மேல் உட்கார்ந்து பழத்தைக் கொத்தி, கொட்டையை மாமாவின் மீசையில் துப்புகின்றன. மாமா கொதித்துப்போயிருக்கிறார். அப்பாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கிளிகளைப் பயமுறுத்தக்கூடிய முகம் நம் இரண்டு குடும்பத்திலும் யாருக்கு இருக்கிறது என்று இருவரும் வரப்பில் உட்கார்ந்து தீவிரமாக ஆலோசிக்கிறார்கள். ஒருவர் பெயரில் இரண்டு பேருக்கும் ஒத்த கருத்து இருக்கிறது. ஆனால் அத்தையிடம் போய் அதைச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.